கோல்டன் மெர்சிக்கு ஒரு பதிலாள்

கப்பலில் வெங்காயம் உரிப்பதற்காகச் சேர்ந்த மதுரன் கப்டனாகிவிட்டான் என்ற செய்தி, கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவுக்கு ஒரு தூறல் நாளில் வந்து சேர்ந்தது. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்போதுதான் லயத்து வீட்டுக்குத் திரும்பியிருந்த ஜீவராணி, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஃபோனைக் காதோடு அழுத்தினாள்.

“என்னடா சொல்ற? இன்னொருக்கா சொல்லு.”

“நான்தாம்மா இப்ப கப்டன்.”

“அடி ஆத்தே! அப்ப பழைய கப்டன் எங்கடா?”

“போயிட்டாரும்மா. எல்லாரும் போயிட்டாங்க. கப்பல்ல நான் மட்டுந்தான் இருக்கேன்.”

உலகத்தில் பதவி உயர்வு பலவிதமாக வருகிறது. சிலருக்குத் திறமையால் வரும், சிலருக்கு மாமனாரால் வரும். மதுரனுக்கு மற்றவர்கள் தப்பித்துக்கொண்டதால் வந்தது. ‘கோல்டன் மெர்சி’ என்ற அந்தச் சரக்குக் கப்பல் ஏதோ ஒரு பாலைவனக் கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. முதலில் எண்ணெய் தீர்ந்தது. அப்புறம் அரிசி தீர்ந்தது. அதற்கப்புறம் முதலாளி தீர்ந்துபோனார், அதாவது ஃபோன் எடுப்பதை நிறுத்திக்கொண்டார். பழைய கப்டனுக்கு நெஞ்சுவலி வர, ஹெலிகொப்டர் வந்து தூக்கிக்கொண்டு போனது. அதைப் பக்கத்தில் நின்று கவனமாகப் பார்த்த முதல் அதிகாரிக்கு அடுத்த வாரமே அதே இடத்தில் அதே வலி. எஞ்சினியர் மீன்பிடிப் படகு ஒன்றில் குதித்தார். ஒவ்வொருவர் போகும்போதும் பொறுப்பு சட்டப்படி அடுத்தவர் தலையில் இறங்கியது. கடைசியில் தலைமைச் சமையல்காரர் மகள் கல்யாணம் என்று மூக்கைச் சிந்திவிட்டு, சாவிக்கொத்தையும் கப்டன் தொப்பியையும் மதுரன் கையில் திணித்துவிட்டுப் போனார். அவருக்கு மகளே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அவனும் இறங்கிவிடலாமே என்று கேட்கத் தோன்றும். கூடாது. ஆள் இல்லாத கப்பல் கடலுக்கு ஆபத்து என்று சர்வதேசச் சட்டம் சொல்கிறது. கப்பல் ஆளுக்கு ஆபத்தா என்பதைச் சட்டம் இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது.

“சாப்பாட்டுக்கு என்னடா செய்யற?”

“மீன் புடிக்கிறேன். மழை பேஞ்சா தண்ணி. அம்மா, இங்க ஒரு எலி இருக்கும்மா. நேத்து அதுக்கு ஒரு துண்டு மீன் வச்சிட்டு பேரு சொல்லிக் கூப்பிட்டேன். கூப்பிட்டப்புறந்தான் தெரிஞ்சிச்சு, அதுக்கு எம் பேரையே வச்சிருக்கேன்னு.”

ஜீவராணி ஃபோனை வைத்தாள். கப்டனின் தாய் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள்.

அவள் புருஷன் ஆண்டியப்பன் தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் காவல்காரர். ஒரு காலத்தில் தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்தவர். நியாயம் எங்கோ ஒரு அறையில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறது, சரியான கதவைத் தட்டினால் போதும் என்று நம்புகிறவர்.

“அழுவாத புள்ள. கப்பலுக்கு யாரு தொரைன்னு பாப்போம். தொரையைப் புடிச்சிட்டா சோலி முடிஞ்சுது.”

அவர் சொன்னதில் தப்பில்லை. தோட்டத்து மேலாளர்தான் அவர்களுக்குத் துரை. தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் துரை, கூரைத் தகரம் பறந்தால் துரை, கிழவன் செத்தால் பெட்டிக்கும் துரை. துரை கொடுக்கிறாரோ இல்லையோ, நின்று திட்டுவதற்கு ஒரு முகம் இருக்கிறது. அந்த முகத்தைத் தேடி இருவரும் ஹட்டனுக்கு பஸ் ஏறினார்கள்.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் சிறில் மொழிபெயர்ப்புக் கடை வைத்திருந்தார். முன்பு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர் என்பதால் ஊரே அவரை ‘சேர்’ என்றுதான் கூப்பிடும். அவர் கம்ப்யூட்டரைத் தட்டி வெகுநேரம் தேடினார்.

“அக்கா, கப்பல் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். அந்தக் கம்பெனி வந்து, ஒரு தீவுல இருக்கிற தபால் பெட்டி.”

“தபால் பெட்டியா?”

“ஆமா. அதே பெட்டிக்குள்ள இன்னும் நானூறு கம்பெனி இருக்கு.”

“எங்க லயத்தை விட நெருக்கடியால்ல இருக்கும்” என்று ஆண்டியப்பன் இரக்கப்பட்டார்.

“கப்பலை நடத்துனது வேற நாட்டுக் கம்பெனி. காப்புறுதி இன்னொரு நாடு. தம்பியைச் சேத்து விட்ட கொழும்பு ஏஜென்சி இப்ப ஃபோன் கவர் விக்குது. கப்பல்ல பறக்கிற கொடி மட்டும் வேற ஒரு நாட்டுது. கப்பலுக்கு அந்த நாட்டுச் சட்டந்தான். ஆனா அந்த நாட்டுக்குக் கடல் இல்ல.”

“கடலே இல்லியா? பின்ன என்னதான் இருக்கு?”

“சுத்தி வர மலைதான் அண்ணே.”

ஆண்டியப்பன் முகம் மலர்ந்துவிட்டது. “அப்ப நம்ம ஆளுங்க! மலைக்காரன் கஷ்டம் மலைக்காரனுக்குத் தெரியும் சேர். எழுதுங்க ஒரு மனு.”

மனு எழுதத் தேவையில்லாமல் போயிற்று. உலகக் கப்பல் ஒழுங்கு மாமன்றம் தன் பெருங்கூட்டத்தை அந்த வருஷம் நுவரெலியாவில் நடத்தப் போகிறது என்றார் சிறில். தமிழ் மொழிபெயர்ப்புக்கு அவரைத்தான் பிடித்திருக்கிறார்கள். “பாதிக்கப்பட்ட குடும்பம் ஒண்ணு வேணும்னு கேட்டிருக்காங்க அக்கா. அழுவுற குடும்பமா இருந்தா நல்லதாம்.”

கப்பலைப் பற்றிப் பேசக் கடலோரம் எத்தனையோ ஊர் இருக்க, ஆறாயிரம் அடி உயரத்துக்கு ஏன் ஏற வேண்டும் என்று யாராவது கேட்கலாம். கொடி நாட்டின் கடல்துறை அமைச்சருக்குக் கடலைக் கண்டால் தலை சுற்றும், அது ஒரு காரணம். கடலைப் பற்றி நடுநிலையோடு சிந்திக்க வேண்டுமானால் கடல் கண்ணில் படக்கூடாது என்பது மாமன்றத்தின் கொள்கை, அது இன்னொன்று. முந்தின கூட்டத்தை ஒரு பாலைவனத்தில் நடத்தினார்களாம். நல்ல முடிவுகள் வந்தனவாம்.

கூட்டத்தன்று அவர்களை ஏற்றிய வான் வண்டி தலவாக்கலை தாண்டி வளைந்து வளைந்து ஏறியது. ஹோட்டல் வாசலில் உதட்டுச் சாயமும் பட்டு ஜாக்கெட்டுமாகக் கொழுந்துக் கூடை சுமந்த பெண்பிள்ளைகள் நால்வர், வருகிறவர்களுக்கெல்லாம் தேயிலை இலையில் கட்டிய மாலை போட்டார்கள். எந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் இவ்வளவு வசதியாக இருக்கிறார்கள் என்று ஜீவராணி யோசித்தாள். அட்டை கடித்த அடையாளம் ஒரு காலிலும் இல்லை.

உள்ளே எல்லார் கழுத்திலும் ஒரு அட்டை தொங்கியது. சிலருடையதில் ‘பிரதிநிதி’, சிலருடையதில் ‘பார்வையாளர்’, சிலருடையதில் ‘கூட்டாளி’. இவர்கள் கழுத்தில் மாட்டிய அட்டைகளைச் சிறில் வாசித்துக் காட்டினார். ஆண்டியப்பன் ‘தாக்கம் ஒன்று’. ஜீவராணி ‘தாக்கம் இரண்டு’.

“அப்புடின்னா என்ன சேர்?”

“கப்பல் துறையால பாதிக்கப்பட்டவங்கன்னு அர்த்தம் அக்கா. இது நல்ல அட்டை. பிஸ்கட் கூட எடுக்கலாம்.”

காலை முழுவதும் மாமன்றம் ஒரே ஒரு விஷயத்தைப் பேசியது. கைவிடப்பட்ட கப்பல்களில் மாட்டிக்கொண்ட மாலுமிகளைக் குறித்து மாமன்றம் ‘கவலை’ தெரிவிப்பதா, ‘ஆழ்ந்த கவலை’ தெரிவிப்பதா? ‘ஆழ்ந்த’ என்று போட்டுவிட்டால் நாளைக்கு ஏதாவது செய்ய வேண்டி வருமே என்று ஒரு கட்சி அஞ்சியது. ஆழத்தின் அளவை அந்தந்த நாடு தன் சக்திக்கேற்பத் தீர்மானிக்கலாம் என்று இன்னொரு கட்சி சமாதானம் சொன்னது. கடைசியில் ‘போதுமான கவலை’ என்று ஏகமனதாக முடிவாயிற்று. எல்லாரும் எழுந்து நின்று கை கொடுத்துக்கொண்டார்கள். காதில் மாட்டிய கருவியில் சிறிலின் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த ஆண்டியப்பனும் பரவசமாகி எழுந்து பக்கத்து ஆளுக்குக் கை கொடுத்தார்.

“என்னங்க, எதுக்குக் கை கொடுக்குறீங்க? மவனை வுடச் சொல்லிட்டாங்களா?”

“இல்ல புள்ள. கவலைப்பட்டுட்டாங்க.”

தேநீருக்குப் பிறகு ‘கோல்டன் மெர்சி’யை எடுத்தார்கள். முதலில் முதலாளி தரப்பு வக்கீல் எழுந்தார். உடுப்பு மட்டுமே ஒரு சிறு கப்பல் விலை பெறும்.

“என் கட்சிக்காரர் கப்பலைக் கைவிட்டார் என்கிறார்கள். கைவிட வேண்டுமானால் முதலில் கையில் இருக்க வேண்டும். என் கட்சிக்காரர், கப்பலை வைத்திருக்கும் கம்பெனியை வைத்திருக்கும் கம்பெனியின் பங்குகளை ஒரு அறக்கட்டளைக்காகப் பாதுகாத்து வைத்திருப்பவர். அந்த அறக்கட்டளை அநாதைப் பிள்ளைகளின் நலனுக்காக நடப்பது. கப்பலுக்காகச் செலவு செய்தால் அது அநாதைகளின் சோற்றில் கை வைத்ததாகும்.”

“எத்தனை அநாதைகள்?” என்று யாரோ கேட்டார்கள்.

“இன்னும் யாரும் சேரவில்லை. ஆனால் கதவு திறந்திருக்கிறது.”

காப்புறுதிக்காரர் சுருக்கமாகப் பேசினார். “நாங்கள் இரக்கமில்லாதவர்கள் அல்ல. கப்பல் மூழ்கினால் அன்றைக்கே பணம் கொடுத்துவிடுவோம். மூழ்காமல் இருப்பதுதான் இந்த விவகாரத்தில் உள்ள சிக்கல். அந்த இளைஞர் வேறு தினமும் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறாராம்.” அரங்கம் அனுதாபத்தோடு தலையாட்டியது.

மலை சூழ்ந்த அந்தக் கொடி நாட்டின் கடல்துறை அமைச்சர் மேடையேறியதும் ஆண்டியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பாரு, நம்மள மாதிரியே தாட்டியான ஆளு.”

“எங்கள் கொடியைப் பற்றி அவதூறு சொல்கிறார்கள்” என்று அமைச்சர் ஆரம்பித்தார். “நான் மார்தட்டிச் சொல்வேன். எங்கள் கொடியின் கீழ் ஒரு கப்பல்கூட ஆள் பற்றாக்குறையோடு நின்றதில்லை. கோல்டன் மெர்சிக்குப் பதினேழு பேர் வேண்டும் என்று சான்றிதழ் கொடுத்திருந்தோம். கப்டன் இறங்கினார். உடனே சான்றிதழைப் பதினாறாகத் திருத்தினோம். அடுத்தவர் இறங்கினார், பதினைந்து. இரவு பகல் பாராமல் திருத்தினோம்! இன்றைக்கு அந்தக் கப்பலுக்குச் சட்டப்படி வேண்டியது ஒரு ஆள். இருப்பதும் ஒரு ஆள். ஒரு நாள், ஒரு மணிநேரம் சட்டம் மீறப்பட்டதென்று யாராவது காட்டட்டும்!”

“அதை அப்படியே பூச்சியமாகத் திருத்தினால் அந்தப் பையன் வீட்டுக்குப் போகலாமே?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

அமைச்சர் அதிர்ந்துபோனார். “ஆளே இல்லாத கப்பலா? எங்களுக்குக் கடல் இல்லாமல் இருக்கலாம் ஐயா. மனச்சாட்சி இருக்கிறது.”

ஆண்டியப்பன் மெதுவாகச் சாய்ந்து உட்கார்ந்தார். மலைக்காரன் கஷ்டம் மலைக்காரனுக்குத் தெரியும் என்ற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் விருது வழங்கினார்கள். புகை விட்டுப் பூமியைச் சூடாக்கும் கப்பல்களுக்கு நடுவே, வருஷம் பூராவும் மிகக் குறைவாகப் புகை விட்ட கப்பலுக்கு மாமன்றம் ‘பசுமை நங்கூரம்’ என்று ஒரு விருது வைத்திருந்தது. கணக்கு பார்க்கும் கம்ப்யூட்டர் உலகத்துக் கப்பல்களையெல்லாம் அலசிவிட்டு ஒரு பெயரைக் கக்கியது. கோல்டன் மெர்சி. புகை, அறவே இல்லை.

“எஞ்சின் செத்துக் கெடக்கே சேர்” என்றாள் ஜீவராணி.

“கம்ப்யூட்டருக்கு அது தெரியாது அக்கா. எந்திரிங்க, உங்களைத்தான் கூப்பிடுறாங்க. கப்டனோட அம்மான்னு.”

கண்ணாடியில் செய்த கப்பல் ஒன்றை அவள் கையில் கொடுத்துப் படமெடுத்தார்கள். உங்கள் மகன் உலகத்துக்கே முன்மாதிரி, மற்றக் கப்டன்களும் அவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார்கள். விருது பெற்ற கப்பல் என்பதால், அதை உடைக்கவோ விற்கவோ இழுத்துக்கொண்டு போகவோ இனி ஐந்து வருஷத்துக்கு யாருக்கும் அனுமதி கிடையாது என்பதையும் அறிவித்தார்கள். பலத்த கைதட்டல்.

அப்புறம் ‘அடிமட்டத்தின் குரல்’. ஆண்டியப்பன் பேசுவதாகத்தான் ஏற்பாடு. சங்கக் கூட்டங்களில் ஒலிபெருக்கி இல்லாமல் முழங்கியவர், வெளிச்சத்தில் நின்றதும் ஒலிவாங்கியை விட்டுப் பின்வாங்கினார். “நீயே பேசு புள்ள” என்று கண்ணால் கெஞ்சினார். ஜீவராணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒலிவாங்கி முன்னால் வந்தாள்.

“ஐயாமாருங்களா, எனக்கு உங்க மாதிரி பேசத் தெரியாதுங்க. எம்மவன் தனியா கெடந்து எலி கூடப் பேசிக்கிட்டிருக்கான். கப்பலுக்கு ஒரு ஆளு வேணும்னு சொல்றீங்க. சரி. எங்க தோட்டத்துல கொழுந்து நெரையில நிக்கிற ஆளுக்கு முடியாமப் போச்சுன்னா, வீட்டுலேருந்து இன்னொரு ஆளு போயி அந்த நெரையைப் புடிச்சிக்கும். மொத ஆளு வந்து படுத்துக்கும். தொரை ஒண்ணும் சொல்ல மாட்டாரு. ஆளு யாருங்கிறது தொரைக்குக் கணக்கில்ல, நெரை முடியணும். அந்த மாதிரி ஒரு பதிலாளை வச்சிட்டு, எம்மவனை அனுப்பிருங்க. ஒங்க காலைத் தொட்டுக் கேக்குறேன்.”

சிறில் அதை ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தார். மாமன்றத்தின் பொதுச்செயலாளர் எழுந்தார், வெள்ளைத் தாடி, தங்க மூக்குக்கண்ணாடி. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் உண்மையாகவே அழுதார்.

“நண்பர்களே, எத்தனை வருஷமாக, எத்தனை நகரங்களில், எத்தனை ஹோட்டல்களில் இந்தத் தீர்வைத் தேடினோம்! அது இந்த மலையில், இந்த எளிய தாயிடம் இருந்திருக்கிறது. வீட்டிலிருந்து ஒரு பதிலாள்! முதலாளிக்குச் செலவில்லை. காப்புறுதிக்கு இழப்பில்லை. கொடி நாடு ஒரு வரிகூடத் திருத்த வேண்டியதில்லை. யார் மீதும் பொறுப்பு விழாது. இதைவிட முழுமையான ஒரு கொள்கையை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை.”

ஜீவராணி சிறிலின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். “சேர், சேர், நான் அவங்க ஆளைத்தான் கேட்டேன். இம்புட்டுப் பேரு சும்மா உக்காந்திருக்காங்கள்ல, அதுல ஒருத்தரை அனுப்பச் சொல்லி.”

“சொல்றேன் அக்கா, இருங்க.” சிறில் கையைத் தூக்கினார். அதற்குள் மேடையில் சுத்தியல் அடித்தாயிற்று. பகல் சாப்பாட்டுக்குக் கோழியா மீனா என்று முடிவெடுத்ததைவிடக் குறைந்த நேரத்தில் ‘கல்லுமலை முறை’ சர்வதேசக் கொள்கையாகிவிட்டது. திருத்தம் இருந்தால் அடுத்த பெருங்கூட்டத்தில் கொண்டு வரலாமாம். அது மூன்று வருஷம் கழித்து, இன்னும் உயரமான ஒரு ஊரில்.

வான் வண்டி மலையிறங்கியது. ஜீவராணியின் மடியில் கண்ணாடிக் கப்பல். தலவாக்கலை விளக்குகள் தெரிந்தபோது அவள்தான் பேச்சை ஆரம்பித்தாள்.

“என் வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.”

“நீ என்ன தப்பா சொன்ன? அவன் வரணுமில்ல.”

“நான் போறேங்க. நான்தானே சொன்னேன்.”

“ஒனக்கு நீச்சல் தெரியுமா?”

“ஒங்களுக்குத் தெரியுமாக்கும்?”

“தெரியாது. ஆனா காவல் காக்கத் தெரியும்ல? இங்க ஸ்டோர் கேட்டு, அங்க கப்பலு. கேட்டு தண்ணில மெதக்காது, அவ்வளவுதானே வித்தியாசம்?” ஆண்டியப்பன் சிரிக்கப் பார்த்தார். “அவன் சின்னப் பய புள்ள. எலிக்குத் தம் பேரை வச்சிருக்கான். நான் போனா எலிக்கு வேற பேரு வச்சிக்குவேன். ஒம் பேரை வச்சிக்கிறேன்.”

“வப்பீங்க, வப்பீங்க” என்றாள் அவள். இருட்டில் அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

கடலில் உயிர் பிழைப்பதற்கான பயிற்சி இல்லாமல் யாரையும் கப்பலில் ஏற்றக் கூடாது என்பதில் மாமன்றம் கண்டிப்பானது. அந்தப் பயிற்சியை நுவரெலியா ஏரியில் கொடுத்தார்கள். ஆண்டியப்பனுக்கு மிதப்பு அங்கி மாட்டி, சுற்றுலாப் பயணிகள் மிதிக்கும் அன்னப் படகு ஒன்றில் உட்கார வைத்து, ஏரியை ஒரு வட்டம் மிதிக்கச் சொன்னார்கள். பக்கத்து அன்னத்தில் புதுமணத் தம்பதி கை காட்டினார்கள். கரையில் இறங்கியதும் அவர் ஆழ்கடல் மாலுமி என்று சான்றிதழ். மாலுமிக்கு மேலே உள்ள தகுதி வேண்டுமானால் இரண்டு வட்டமாம். முழங்கால் வலி என்று அவர் விட்டுவிட்டார்.

ஹட்டன் ஸ்டேஷனில் வழியனுப்பு விழா நடந்தது. பதாகை கட்டி, பாண்ட் வாசித்தார்கள். தோட்டத்து ஆட்கள் மாலை போட்டார்கள். கூட வேலை பார்த்த பொன்னையா மட்டும் காதோடு கேட்டான். “அண்ணே, காலைல ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல பேரு குடுத்திட்டு மாத்து ஆள் அனுப்புவோம், சரி. கடலுக்கா அனுப்புவாங்க?”

“பயப்புடாதடா. நான் ஏறுவேன், அவன் எறங்குவான். ஒரு வாரத்துல வீட்டுல இருப்பான். அவனுக்கு ஒரு பொண்ணு பாத்து வையி.”

ஜீவராணி ஒரு பையில் மாசிக் கருவாட்டுத்தூளும் தேயிலைத்தூளும் கட்டிக் கொடுத்தாள். இன்னொன்றில் மகன் திரும்பி வரும்போது போட்டுக்கொள்ளப் புதுச் சட்டை.

அந்த ஒரு வாரம் அவள் கால் தரையில் படவில்லை. மகனுடைய கட்டிலை வெயிலில் போட்டாள். மூலைக் கடையில் கோழிக்குச் சொல்லி வைத்தாள். லயத்துப் பிள்ளைகள் ‘கப்டன் மாமா எப்ப வருவாரு?’ என்று தினமும் வந்து கேட்டன.

ஃபோன் வந்தது. ஆண்டியப்பன்தான்.

“ஏறிட்டேன் புள்ள. மவன் மெலிஞ்சிட்டான். தாடி இம்புட்டு. என்னைப் பாத்ததும் யாரு வேணும்னு இங்கிலீஸ்ல கேட்டான். அப்புறம் கட்டிப் புடிச்சிக்கிட்டு வுடவே இல்ல.”

“அவன் எறங்கிட்டானா?”

“புதுச் சட்டை சரியா இருந்திச்சு புள்ள. ஆனா எறங்க வுடல” என்றார் அவர்.

நடந்தது சிக்கலில்லாத விஷயம். ஒரு கணம்கூடக் கப்பல் ஆளில்லாமல் இருக்கக் கூடாது. ஆகவே தகப்பன் ஏறிய பிறகுதான் மகன் இறங்க முடியும். ஆண்டியப்பன் ஏணியில் ஏறிக் காலை மேல்தளத்தில் வைத்தார். அவரைக் கொண்டுவந்த அதே படகில் கொடி நாட்டு ஆய்வாளரும் வந்திருந்தார். ஆய்வாளர் எண்ணிப் பார்த்தார், கப்பலில் இரண்டு பேர். இறங்க இறங்கக் குறைத்த சான்றிதழ், ஏற ஏறக் கூட வேண்டியதுதானே நியாயம்? அங்கேயே நின்று ‘இரண்டு’ என்று திருத்தி முத்திரை குத்தினார். மதுரன் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏணிக்கு வந்தபோது, மன்னிக்க வேண்டும், நீங்கள் இறங்கினால் கப்பலில் ஆள் பற்றாக்குறை என்றார். எங்கள் கொடியின் கீழ் அப்படி ஒன்று நடந்ததில்லை என்றும் சொன்னார். மரியாதையான மனுஷர். போகும்போது இருவருக்கும் சலாம் வைத்துவிட்டுத்தான் போனாராம்.

மாமன்றத்தின் வருஷ அறிக்கையில் கோல்டன் மெர்சிக்கு ஒரு முழுப் பக்கம். ‘கப்பல் ஆளணி நூறு சதவீதம் உயர்வு’ என்று தலைப்பு. கீழே, ‘பிரிந்திருந்த தந்தையும் மகனும் இணைந்தனர்’ என்று மேல்தளத்தில் எடுத்த படம். கல்லுமலை முறை உலகெங்கும் பரவியது. எங்கோ ஒரு துறைமுகத்தில் மருமகனுக்குப் பதிலாக மாமனார் ஏறினாராம். அங்கே ஆய்வாளர் வரத் தாமதமானதால் மருமகன் இறங்கிவிட்டான். இறங்கியவன் முதல் வேலையாக ஃபோன் நம்பரை மாற்றிக்கொண்டானாம்.

மழைக்காலம் பிறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சிறில் ஃபோனில் கூப்பிட்டார். பொதுச்செயலாளர் இணைப்பில் இருக்கிறார், பேச விரும்புகிறார் என்றார். சிறிலின் தமிழில் பள்ளிக்கூட வாத்தியாரின் வெட்கம் தெரிந்தது.

“அக்கா, இந்த வருஷம் மாமன்றத்துக்குக் கருப்பொருள் ‘பெண்களும் பெருங்கடலும்’. கப்பல்ல பொம்பளைங்க பங்களிப்பு கொறைவா இருக்காம். உங்க பேரு வந்திருக்கு. உங்க வீட்டுல இன்னும் ஒரு ஆளு மிச்சம்னு பதிவுல இருக்காம். நீங்க போனீங்கன்னா முழுக் குடும்பமும் ஒண்ணா இருக்கலாமே, அப்படின்னு ஐயா கேக்குறாரு. நான் சொல்லலை அக்கா, அவர் சொல்றதைச் சொல்றேன்.”

ஜீவராணி யோசித்தாள். மூவரும் ஓரிடத்தில் இருக்கலாம் என்ற நினைப்பு ஒரு கணம் அவளையும் இழுத்தது. அப்புறம் கேட்டாள்.

“சேர், நான் ஏறுனா மூணு பேரு ஆவும்ல?”

“ஆவும்.”

“அப்ப சட்டமும் மூணு பேரு வேணும்னு கேக்கும்ல? இப்ப ரெண்டு பேருக்கு அழுவுறதுக்காச்சும் நான் வெளியில இருக்கேன். நானும் ஏறிட்டா எங்க மூணு பேருக்கும் யாரு சேர் வெளியில?”

சிறில் அதை மொழிபெயர்க்க நேரமெடுத்துக்கொண்டார். அந்தப் பக்கத்திலிருந்து உற்சாகமான ஒரு நீண்ட பேச்சு வந்தது.

“என்ன சேர் சொல்றாரு?”

“உங்களுக்குச் சட்டம் ரொம்பத் தெளிவா விளங்கியிருக்காம் அக்கா. மாமன்றத்துல இருக்கிறவங்களுக்கே இவ்வளவு விளங்கலையாம். ஆளணி துணைக்குழுவுல ஒரு இடம் காலியா இருக்கு, வர முடியுமான்னு கேக்குறாரு.”

“அந்தக் குழு சொன்னா எம்மவனை எறக்குவாங்களா?”

சிறில் கேட்டார். பதில் வந்தது.

“இல்லியாம். குடும்ப உறுப்பினர் கப்பல்ல இருக்கிறதால, கோல்டன் மெர்சி பத்திப் பேசுறப்ப மட்டும் நீங்க வெளியில போயிடணுமாம். அது மாமன்றத்தோட நேர்மையாம்.”

அவள் ஃபோனை வைத்தாள். சிறிது நேரத்தில் அது மறுபடி அடித்தது. கப்பலிலிருந்து. ஞாயிற்றுக்கிழமைகளில் மீன்பிடிப் படகுக்காரன் ஒருவன் கொஞ்சம் வெங்காயத்தோடு பக்கத்தில் வந்து நிற்பான், அவனிடமிருந்து சிக்னல் வாங்கிப் பேசுவார்கள். அவள் ஸ்பீக்கரைப் போட்டு அடுப்புக்கு மேலே தட்டில் வைத்தாள்.

“அம்மா, இவரு மீன் கொழம்புக்கு உப்பே போட வுட மாட்டேங்குறாரு. ரத்தக் கொதிப்பாம்.”

“டேய், கடல் தண்ணில கெடந்த மீனுக்கு உப்பு எதுக்குடா? நீ கப்டனா, நான் கப்டனா?”

“நான்தான். நீங்க வெங்காயத்தை உரிங்க.”

“கேட்டியா புள்ள, பெத்த அப்பனை என்ன வேலை வாங்குறான்னு!”

இருவரும் சிரித்தார்கள். எப்ப வருவோம் என்று மதுரன் சொல்லவில்லை. எப்ப வருவீங்க என்று அவளும் கேட்கவில்லை. அவர்கள் சண்டை பிடிப்பதைக் கேட்டபடியே ஜீவராணி கோதுமை மாவை எடுத்தாள். அளவு தெரியாமல் ஒரு கணம் நின்றாள். அப்புறம் ஒரு ஆளுக்கு மட்டும் ரொட்டிக்குப் பிசையத் தொடங்கினாள்.